அமெரிக்க இன உறவு பற்றிய கருத்துக்கணிப்புகள் ஏன் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன? எதை நம்புவது?

கேள்வி கேட்டவர் மூன்று எண்களை முன்வைத்திருக்கிறார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் திருமணம் செய்துகொள்வதை 94% அமெரிக்கர்கள் ஏற்கிறார்கள் என்று 2021ல் காலப் நிறுவனம் சொன்னது. அதே ஆண்டு அதே நிறுவனம், இந்த இரு இனத்தாருக்கும் இடையே உறவு நன்றாக இருக்கிறது என்றவர்கள் 42% மட்டுமே என்றது. கறுப்பினத்தவர் மீதான போலீஸ் வன்முறையை எதிர்க்கும் 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' இயக்கத்துக்கு 2020 ஜூனில் 67% ஆதரவு, 2023ல் 51% என்கிறது பியூ ஆய்வு மையம். "இதில் எது உண்மை? சர்வே எடுப்பவர்களிடம் மக்கள் பொய்தான் சொல்கிறார்களா?" என்பது அவர் கேள்வி. அதாவது, மனசுக்குள் இருக்கும் இனப் பாகுபாட்டை ஒரு கேள்வித்தாளால் பிடிக்க முடியுமா என்று கேட்கிறார். மூன்று எண்களும் அதனதன் அளவில் சரி. மூன்றும் அளப்பது மூன்று வேறு சங்கதிகளை. மக்கள் பொய் சொல்வதும் நடக்கிறது. ஆனால் இத்தகைய கணிப்புகளைக் கோணலாக்கும் காரணங்களில் பொய்யைவிடப் பெரியவை இரண்டு: கேள்வி எந்த வார்த்தைகளில் கேட்கப்பட்டது, யாரிடம் கேட்கப்பட்டது.

முதலில் 94%. காலப் இந்தக் கேள்வியை முதலில் கேட்டது 1958ல். அப்போது ஏற்றவர்கள் 4%. கலப்புத் திருமணத்தைத் தடைசெய்யும் மாநிலச் சட்டங்கள் செல்லாது என்று லவ்விங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1967 ஜூனில். அடுத்த ஆண்டு கேட்டபோதும் 20% பேர்தான் ஏற்றார்கள். ஏற்பவர்கள் எதிர்ப்பவர்களை முந்தியது 1991ல்தான், அதுவும் 48க்கு 42 என்ற கணக்கில். நடுவில் கேள்வியின் வாசகம் மாறியிருக்கிறது. 1958ல் இருந்த சொல்லை இன்று யாரும் பயன்படுத்த மாட்டார்கள். பிறகு சில காலம் 'வெள்ளையரும் வெள்ளையர் அல்லாதவரும்' என்று கேட்டார்கள். அதன் பிறகே 'கறுப்பினத்தவரும் வெள்ளையரும்' என்று ஆனது. வாசகம் மாறிய இடங்களில் நாலைந்து புள்ளி ஏற்ற இறக்கத்துக்கு அர்த்தம் தேடக் கூடாது. ஆனால் 4ல் தொடங்கி 94ல் நிற்கும் வரிசையை எந்த வாசக மாற்றத்தாலும் விளக்க முடியாது. திசை உறுதியானது.

இதை வெளியே இருந்து சரிபார்க்கவும் வழி இருக்கிறது. அலபாமா மாநில அரசியல் சட்டத்தில், தீர்ப்புக்குப் பிறகும் செயலற்ற எழுத்தாக அந்தத் தடை கிடந்தது. 2000 நவம்பரில் அதை நீக்கலாமா என்று மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. நீக்கலாம் என்றவர்கள் ஏறத்தாழ 60%, வேண்டாம் என்றவர்கள் 40%. தெற்கு கரோலினாவில் 1998ல் நடந்ததிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். வாக்குச்சீட்டு ரகசியம், எதிரே பேட்டியாளர் இல்லை, நல்ல பேர் வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அந்தக் காலகட்டத்தில் காலப் நாடு முழுக்க எடுத்த எண் 64, 65% அளவில் இருந்தது. நாட்டிலேயே பழமை ஊறிய மாநிலங்களில் ஒன்றில் ரகசிய வாக்கு 60% என்றால், நாடு தழுவிய 65% பெரிய பொய்யாக இருக்க முடியாது. பொய்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த ஒப்பீட்டைத்தான். ஆனால் அலபாமா மக்களில் நாலில் ஒருவர் கறுப்பினத்தவர். அவர்கள் பெரும்பாலும் நீக்கத்துக்கே வாக்களித்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அங்கே வெள்ளை வாக்காளரில் பாதிக்கு அருகில் தடை இருக்கட்டும் என்றிருக்கிறார்கள். நாட்டுச் சராசரி இப்படி எத்தனையோ உள்ளூர் நிலவரங்களை மூடிவிடும்.

94%ஐ வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? 'ஏற்கிறீர்களா' என்ற கேள்வி, ஊரில் யாரோ இருவர் செய்துகொள்ளும் திருமணத்தைப் பற்றியது. உங்கள் மகள் செய்துகொண்டால் சம்மதமா என்று அது கேட்கவில்லை. நடைமுறையை வேறு எண்ணில் பார்க்கலாம்: புதிதாகத் திருமணம் ஆனவர்களில் வேறு இனத்தவரை மணந்தவர்கள் 1967ல் 3%, 2015ல் 17%. இந்த எண்ணில் லத்தீன் அமெரிக்க, ஆசிய வம்சாவளியினரும் அடக்கம். குடியேற்றத்தால் அவர்கள் தொகை கூடியதும் இந்த உயர்வில் ஒரு பங்கு. இன்னொன்று, 1958ல் பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் 2021ல் உயிரோடு இல்லை. ஆகவே உயர்வில் ஒரு பகுதி மனமாற்றம் அல்ல, தலைமுறை மாற்றம். முழுக்க தலைமுறை மாற்றம் என்றும் சொல்லிவிட முடியாது. 2021ல் 50 வயதைத் தாண்டியவர்களிலும் 90%க்கு மேல் ஏற்றிருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர்கள் இளைஞர்களாக இருந்த நாட்களில் நாடு இதற்கு எதிராக இருந்தது. வாழ்நாளிலேயே மாறியவர்கள் நிறையப் பேர் உண்டு.

இனி 42%. "இரு இனத்தாருக்கும் இடையே உறவு எப்படி இருக்கிறது?" என்பது பதில் சொல்பவரின் மனப்பான்மையைக் கேட்கும் கேள்வியே அல்ல. நாட்டைப் பற்றிய அவர் மதிப்பீட்டைக் கேட்கிறது. கடுமையான இனவாதியும் 'உறவு நன்றாகத்தான் இருக்கிறது' என்று சொல்லலாம். பாகுபாடு ஒழியப் போராடுபவர் 'மோசம்' என்று சொல்லலாம். 2013ல் நன்றாக இருக்கிறது என்றவர்கள் 70%. 2015ல் 47%. இரண்டே ஆண்டில் நாட்டு மக்களின் மனப்பான்மை அவ்வளவு மாறாது. நடுவில் 2014 ஆகஸ்ட்டில் மிசூரி மாநிலம் ஃபெர்கூசனில் மைக்கேல் பிரவுன் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார். தொடர்ந்து போராட்டங்கள், கைபேசிக் காணொளிகள், இரவு பகலாகச் செய்திகள். ஏற்கெனவே இருந்தது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. உறவு கெட்டுவிட்டதா, கெட்டிருந்தது தெரியவந்ததா என்பதை இந்த ஒரு கேள்வியை வைத்துப் பிரிக்க முடியாது. எனவே இதை நாட்டு நிலவரத்தின் அளவுகோலாகப் பார்க்காமல், செய்தி மக்கள் மனதில் பதிந்ததன் அளவுகோலாகப் பார்ப்பதே என் வழக்கம்.

பொய்க்கு வருவோம். இது பழைய பிரச்சினை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942ல் மெம்ஃபிஸ் நகரில் கறுப்பினத்தவரிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பாதிப் பேரிடம் வெள்ளைப் பேட்டியாளர், மறு பாதியிடம் கறுப்பினப் பேட்டியாளர், கேள்விகள் ஒன்றே. எதிரி நாடுகளை வெல்வது முக்கியமா, உள்நாட்டில் ஜனநாயகம் ஒழுங்காக நடக்கச் செய்வது முக்கியமா என்ற கேள்விக்கு, வெல்வதே முக்கியம் என்று வெள்ளைப் பேட்டியாளரிடம் சொன்னவர்கள் 62%, தம் இனத்துப் பேட்டியாளரிடம் சொன்னவர்கள் 39%. இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைய தென்மாநிலத்தில் வெள்ளையர் ஒருவர் வாசலில் வந்து நின்று அரசைப் பற்றிக் கேட்டால் ஜாக்கிரதையாகப் பேசுவதுதான் புத்திசாலித்தனம்.

தேர்தலில் இதன் மறுபக்கம் தெரிந்தது. 1982ல் கறுப்பினத்தவரான லாஸ் ஏஞ்சலஸ் மேயர் டாம் பிராட்லி, கலிஃபோர்னியா ஆளுநர் பதவிக்கு நின்றார். கணிப்புகள் அவர் முன்னிலை என்றன. ஒரு சதவீதத்துக்குச் சற்று கூடுதலான வித்தியாசத்தில் தோற்றார். 1989ல் வர்ஜீனியாவில் அதே பதவிக்கு, கறுப்பினத்தவரான டக்ளஸ் வைல்டர் நின்றார். சில கணிப்புகள் 10 புள்ளி வரை முன்னிலை கொடுத்தன. வென்றது 7,000க்கும் குறைவான வாக்குகளில். அந்த வர்ஜீனியா சர்வே ஒன்றை ஆராய்ந்தபோது, பேட்டியாளர் கறுப்பினத்தவராக இருந்தால் வெள்ளை வாக்காளர்கள் வைல்டருக்கு ஆதரவு சொல்வது 8 முதல் 11 புள்ளி கூடியிருந்தது தெரிந்தது. கறுப்பின வேட்பாளருக்குக் கணிப்பில் சொன்ன ஆதரவு வாக்கில் குறைந்துபோவதற்கு 'பிராட்லி விளைவு' என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. பெயர் கொடுத்த பிராட்லி தேர்தலில் தபால் வாக்குகள் எதிரணிக்குக் குவிந்ததும் தோல்விக்குக் காரணம் என்பார்கள். எது எவ்வளவு என்பது இன்றும் தீராத வாதம். உறுதியாகச் சொல்லக்கூடியது, 1990களின் நடுவிலிருந்து இந்த விளைவு கண்ணில் படவில்லை என்பது. 2008ல் ஒபாமா விஷயத்தில் எல்லோரும் அதை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். நாடு தழுவிய கணிப்புகள் ஏறத்தாழ சரியாகவே வந்தன. இப்போது பெரும்பாலான கணிப்புகள் இணையத்தில் நடப்பதால் எதிரே ஆளே இல்லை.

நேரே கேட்டால் சொல்ல மாட்டார்கள் என்ற சந்தேகம் இருந்தால் ஒரு சாமர்த்தியமான உத்தி உண்டு. பட்டியல் சோதனை என்பார்கள். மாதிரியைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதிக்கு மூன்று வாசகங்கள்: பெட்ரோல் வரியை அரசு கூட்டுவது, விளையாட்டு வீரர்கள் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குவது, பெரிய கம்பெனிகள் சுற்றுச்சூழலைக் கெடுப்பது. மறு பாதிக்கு இதே மூன்றோடு நான்காவது: பக்கத்து வீட்டுக்கு ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவருவது. இவற்றில் எத்தனை உங்களுக்குக் கோபம் உண்டாக்குகின்றன என்று எண்ணை மட்டும் கேட்பார்கள். எவை என்று கேட்க மாட்டார்கள். முதல் பாதியின் சராசரி 2.0, மறு பாதியுடையது 2.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலான 0.4 நான்காவது வாசகத்தால் மட்டுமே வந்திருக்க முடியும். அதாவது 40% பேருக்கு அதில் கோபம். தனி ஆள் யாரும் மாட்டிக்கொள்வதில்லை. 1990களில் அமெரிக்காவில் இதைச் செய்தபோது தென்மாநில வெள்ளையரில் 42% என்றும் மற்ற மாநிலங்களில் 10% என்றும் வந்தது. நேரடிக் கேள்விகளில் இவ்வளவு பெரிய இடைவெளி தெரிந்ததில்லை.

ஆனால் இந்த முறையைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம். சராசரிகளின் வித்தியாசத்தை வைத்துக் கணக்கிடுவதால் பிழை வரம்பு மிகப் பெரிது. ஒவ்வொரு பாதியிலும் 500 பேர் இருந்தாலும் விடை பத்துப் பன்னிரண்டு புள்ளி இப்படியோ அப்படியோ ஆடும். நான்கும் கோபம் உண்டாக்குகிறது என்பவர் 'நான்கு' என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் 'மூன்று' என்று சொல்லிவிடுவார். அங்கே முறை தோற்கும். அதனால்தான் பட்டியலில் ஒருவருக்கும் கோபம் தராத ஒன்றைக் கலந்து வைக்கிறார்கள்.

பொய்யைவிடப் பெரியது வாசகம் என்றேன். அமெரிக்காவில் இதற்கு ஆகச் சிறந்த உதாரணம் அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன், அதாவது கல்லூரிச் சேர்க்கையிலும் வேலையிலும் இனத்தைக் கணக்கில் கொள்வது. நம் ஊர் இடஒதுக்கீடு போல இன்ன பிரிவுக்கு இத்தனை இடம் என்று ஒதுக்குவது அல்ல அது. கல்லூரிச் சேர்க்கையில் அப்படி ஒதுக்குவதை 1978லேயே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வதையே 2023ல் தடுத்துவிட்டது. 'இனச் சிறுபான்மையினருக்கான அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன் திட்டங்களை ஆதரிக்கிறீர்களா?' என்று காலப் 2021ல் கேட்டது, ஆதரவு 62%. 'கல்லூரிச் சேர்க்கையில் இனம் ஒரு காரணியாக இருக்க வேண்டுமா?' என்று பியூ 2019ல் கேட்டது. கூடாது என்றவர்கள் 73%. கேட்டது வேறு வேறு நிறுவனங்கள், நடுவில் 2020 என்ற கொந்தளிப்பான ஆண்டும் வந்துபோனது. ஆனால் இந்த முரண் இந்த இரண்டு சர்வேக்களோடு முளைத்ததல்ல, பல ஆண்டுகளாகத் தொடர்வது. முதல் கேள்வியில் திட்டத்தின் பெயரும் பயன்பெறுபவரும் இருக்கிறார்கள். எப்படிச் செய்வார்கள் என்பது இல்லை. இரண்டாவதில் எப்படி என்பது மட்டும் இருக்கிறது, யாருக்காக என்பது இல்லை. ஆதரவாளர்கள் முதல் எண்ணை மேற்கோள் காட்டுவார்கள், எதிர்ப்பாளர்கள் இரண்டாவதை. இருவரும் பொய் சொல்லவில்லை.

இது காகிதத்தோடு நிற்கும் விளையாட்டு அல்ல. கலிஃபோர்னியாவில் 1996ல் 209ஆவது முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. இனம், பாலினம் அடிப்படையில் யாருக்கும் பாகுபாடோ முன்னுரிமையோ அரசு காட்டக் கூடாது என்பது அதன் வாசகம். அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன் என்ற சொல்லே அதில் கிடையாது. சுமார் 55% வாக்கில் நிறைவேறியது. மறு ஆண்டு டெக்ஸஸ் மாநிலம் ஹூஸ்டனில் அதே பாணியில் ஒரு முன்மொழிவைக் கொண்டுவந்தார்கள். வாக்குச்சீட்டில் எப்படி அச்சிடுவது என்பது நகர மன்றத்தின் கையில் இருந்தது. அவர்கள், நகர ஒப்பந்தங்களிலும் வேலைகளிலும் பெண்களுக்கும் சிறுபான்மையினருக்குமான அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷனை முடிவுக்குக் கொண்டுவரலாமா என்று மாற்றி அச்சிட்டார்கள். அது தோற்றது, எதிராக சுமார் 55%. வாசகத்தை மாற்றியது செல்லுமா என்று வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஊரும் வேறு, ஓட்டுப் போட்டவர்களும் வேறு என்பதால் முழுப் பழியையும் வாசகத்தின் மேல் போட முடியாது. ஆனால் இரு தரப்பும் அந்த ஒரு வரிக்காக அவ்வளவு சண்டை போட்டதிலிருந்தே, அனுபவமுள்ள அரசியல்வாதிகள் எதை நம்பினார்கள் என்பது தெரிகிறது. கலிஃபோர்னியாவில் 2020 நவம்பரில், பிளாக் லைவ்ஸ் மேட்டர் சூட்டோடு, 209ஐ நீக்க ஒரு முன்மொழிவு வந்தபோது அதையும் 57% பேர் தோற்கடித்தார்கள். இயக்கத்துக்கு ஆதரவு என்பதும் குறிப்பிட்ட கொள்கைக்கு ஆதரவு என்பதும் ஒன்றல்ல.

கொள்கையளவில் சமத்துவத்தை ஏற்பது, அதைச் செயல்படுத்தும் திட்டத்தை எதிர்ப்பது என்ற இந்த இடைவெளி இத்துறையில் எல்லோரும் அறிந்தது. கறுப்பின, வெள்ளைக் குழந்தைகள் ஒரே பள்ளியில் படிக்கலாம் என்ற வெள்ளையர் 1942ல் மூன்றில் ஒருவர். 1990களில் 95%க்கு மேல். அதே காலகட்டத்தில், பள்ளிகளைக் கலப்பதற்காகப் பிள்ளைகளைப் பஸ்ஸில் வேறு வட்டாரத்துக்கு அனுப்பும் திட்டத்தைப் பெரும்பான்மை வெள்ளையர் எதிர்த்தார்கள். இதற்கு விளக்கம் என்ன? மறைந்திருக்கும் இனப் பாகுபாடு என்கிறது ஆய்வாளர்களில் ஒரு தரப்பு. அரசு கட்டாயப்படுத்துவதை எதிர்க்கும் கொள்கை என்கிறது இன்னொன்று. நாற்பது ஆண்டு வாதம், இன்னும் முடியவில்லை. இரண்டும் கலந்திருக்கிறது, விகிதம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதே நான் தரவுகளைப் பார்த்து நினைப்பது. நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது.

ஒரே சொல் என்ன பாடுபடுத்தும் என்பதற்குச் சுத்தமான சோதனை சிகாகோ பல்கலைக்கழகத்தின் என்ஓஆர்சி ஆய்வு நிறுவனம் நடத்தும் பொதுச் சமூக ஆய்வில் இருக்கிறது. 1972ல் தொடங்கிய சர்வே அது. 1980களின் நடுவிலிருந்து, குலுக்கலில் ஒரு பகுதியினரிடம் 'வெல்ஃபேருக்கு' (ஏழைகளுக்கான அரசு உதவித்தொகையை அங்கே அப்படிச் சொல்வார்கள்) அரசு செலவிடுவது போதுமா என்றும், இன்னொரு பகுதியினரிடம் 'ஏழைகளுக்கு உதவ' செலவிடுவது போதுமா என்றும் கேட்கிறார்கள். போதாது என்பவர்கள் முதல் வகையில் நாலில் ஒருவர் அளவில். இரண்டாவதில் மூன்றில் இருவர் அளவில். நாள் ஒன்று, ஆட்களைப் பிரித்தது குலுக்கல், மாறியது வாசகம் மட்டும். 'வெல்ஃபேர்' என்ற சொல் பல வெள்ளையருக்கு உழைக்காத கறுப்பினத்தவர் என்ற சித்திரத்தைக் கொண்டுவருகிறது என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம். அரசு அலுவலகம், மோசடி என்ற நினைப்பும் கூட வரலாம். வித்தியாசம் இருப்பது உறுதி, காரணம் அவ்வளவு உறுதியல்ல.

2020 கோடைக்காலமும் இப்படித்தான். காவல்துறையில் பெரிய மாற்றங்கள் தேவை என்ற கறுப்பினத்தவர் காலப் கணிப்பில் 88%. அதே கோடையில், உங்கள் பகுதியில் போலீஸ் நேரம் செலவிடுவது குறைய வேண்டுமா என்று கேட்டபோது, இப்போது போலவே இருக்கட்டும் அல்லது கூடட்டும் என்ற கறுப்பினத்தவர் 81%. முதல் எண்ணை மட்டும் பார்த்தவர்கள் போலீஸே வேண்டாம் என்கிறார்கள் என எழுதினார்கள். இரண்டாவதை மட்டும் பார்த்தவர்கள் குறையே இல்லை என்கிறார்கள் என எழுதினார்கள். போலீஸ் வர வேண்டும், வந்தால் மரியாதையாக நடத்த வேண்டும் என்று கேட்பதில் என்ன முரண் இருக்கிறது?

அடுத்தது யாரிடம் கேட்டார்கள் என்பது. வழக்கமான சர்வேயில் 1,000 பேர். 95% நம்பக அளவில் பிழை வரம்பு ±3 புள்ளி என்று அடியில் போட்டிருக்கும். அது மொத்தத்துக்கு மட்டும். கறுப்பினத்தவர் மக்கள் தொகையில் சுமார் 13%. எனவே அந்த ஆயிரத்தில் அவர்கள் 120, 130 பேர்தான் இருப்பார்கள். அவர்களுக்குப் பிழை வரம்பு ±9. ஆசியர்கள் 60 பேர் என்றால் ±13. நமக்கே கணக்கிட எளிது: 98ஐ ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும். இது குறைந்தபட்சக் கணக்கு. இளைஞர்கள், படிக்காதவர்கள் குறைவாகச் சிக்குவதால் அவர்கள் பதிலுக்குக் கூடுதல் எடை போடுவார்கள். அப்படிப் போட்டாலே ±9 என்பது ±11 ஆகிவிடும். சென்ற ஆண்டு எண்ணோடு இந்த ஆண்டு எண்ணை ஒப்பிட்டால் இரண்டின் பிழையும் சேரும், 1.4ஆல் பெருக்குங்கள், ±15. 'கறுப்பினத்தவரிடையே ஆதரவு 8 புள்ளி சரிந்தது' என்ற தலைப்புச் செய்திகளில் பாதி இந்த இரைச்சலுக்குள் அடங்கிவிடும். கறுப்பினத்தவரை மட்டும் கூடுதலாகச் சேர்த்து எடுத்த சர்வேயா என்று பாருங்கள். ஆசியரைப் பற்றி என்றால் ஆங்கிலத்தில் மட்டும் கேட்டார்களா என்றும் பாருங்கள். அங்குள்ள நம்மவர்களையும் சேர்த்துத்தான் 'ஆசிய அமெரிக்கர் கருத்து' என்று போடுகிறார்கள். சீன, வியட்நாமிய, இந்திய வம்சாவளியினரை ஒரே கூடையில் போட்டு, அதிலும் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களை மட்டும் பிடித்து வந்த எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை. பியூ 2022-23ல் ஆசியர்களிடம் மட்டும் எடுத்த ஆய்வில் 7,000 பேருக்கு மேல், ஆறு மொழிகளில் கேட்டார்கள். அப்படிச் செய்தால்தான் பிரித்துப் பேச முடியும்.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. பணமோ பரிசுப் புள்ளியோ கொடுத்து, விரும்பியவர் வந்து நிரப்பலாம் என்று இணையத்தில் நடக்கும் சர்வேக்கள். கைக்கு வந்ததை டிக் செய்துவிட்டுப் போகிறவர்கள் இவற்றில் நிறைய. பியூ 2022ல் இதைச் சோதித்தது: அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ஓட்ட உங்களுக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்டார்கள். 30 வயதுக்குட்பட்டவர்களில் 12% பேர் 'ஆம்'. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் என்று குறித்தவர்களில் 24%. பலர் தாங்கள் எந்த இனம் என்பதையே விளையாட்டாகக் குறித்திருக்கலாம்; அங்கே இனவாரி அட்டவணைக்கு என்ன மதிப்பு? 2023 டிசம்பரில், யூத இனப் படுகொலை கட்டுக்கதை என்று அமெரிக்க இளைஞரில் 20% பேர் நம்புவதாக இத்தகைய ஒரு சர்வேயை வைத்துச் செய்தி பரவியது. முகவரிகளிலிருந்து குலுக்கி எடுத்த நிரந்தரக் குழுவிடம் பியூ அதையே கேட்டபோது வந்தது 3%. அதிர்ச்சியான எண், இளைஞர் அல்லது சிறுபான்மையினர், இணைய சர்வே: மூன்றும் ஒன்றாக வந்தால் சந்தேகப்படுங்கள். குலுக்கல் முறைக்கும் குறை உண்டு. பியூவின் தொலைபேசி சர்வேக்களில் 1997ல் அழைத்தவர்களில் 36% பதில் சொன்னார்கள், 2018ல் 6%. மீதி 94% பேர் இவர்களைப் போலவே நினைக்கிறார்களா என்பது எடை போட்டுச் சமாளிக்கும் ஊகமே.

இவ்வளவையும் வைத்து 67% எப்படி 51% ஆனது என்று பார்க்கலாம். பியூவின் அந்தக் கணிப்புகள் நிரந்தரக் குழுவில் எடுத்தவை, 2020ல் ஒவ்வொன்றும் 10,000 பேர் அளவில். பிழை ±2க்குள். கேள்வியும் மாறவில்லை. எனவே சரிவு நிஜம். சரிவின் பெரும் பகுதி 2023 வரை காத்திருக்கவும் இல்லை. ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் மே 25ல் இறந்தார், அந்தக் காணொளி எங்கும் பரவியது, ஜூனில் 67%, செப்டம்பரிலேயே 55%. யார் மாறினார்கள் என்பதும் தெளிவு: கறுப்பினத்தவர் 86லிருந்து 87, அதாவது மாற்றமே இல்லை. குடியரசுக் கட்சி சார்ந்த வெள்ளையர் 37லிருந்து 16க்கு இறங்கினார்கள். ஜனநாயகக் கட்சி சார்ந்த வெள்ளையர் 92லிருந்து 88. ஏன் இறங்கினார்கள் என்பதில்தான் சந்தேகம். தேர்தல் நெருங்க நெருங்கக் கட்சிக் கோடு பிடித்ததா, சில நகரங்களில் நடந்த தீவைப்பும் கொள்ளையுமா, ஜூனில் சொன்ன 'ஆதரவு' காணொளியைப் பார்த்த இரக்கம் மட்டும்தானா? மூன்றுக்கும் வாதம் உண்டு. இந்தக் கணிப்பு எதையும் தீர்க்காது.

சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தவரை கருத்துக்கணிப்பு சரியான கருவியே அல்ல. பாஸ்டன், சிகாகோ நகரங்களில் சுமார் 5,000 விண்ணப்பங்களை வேலை விளம்பரங்களுக்கு அனுப்பி 2004ல் வெளியிட்ட ஆய்வில், தகுதி ஒன்றாக இருக்க, எமிலி, கிரெக் போன்ற பெயர்களுக்கு லகீஷா, ஜமால் போன்ற பெயர்களைவிட 50% அதிகம் அழைப்பு வந்தது. அந்த மேலாளர்களிடம் சர்வே எடுத்திருந்தால் பாகுபாடு பார்ப்பேன் என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார். தலைகீழாகவும் நடக்கும். 1930களின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியோடு நாடு முழுக்கச் சுற்றினார். 250க்கும் மேற்பட்ட விடுதிகள், உணவகங்களில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இடமில்லை என்றார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்களை ஏற்பீர்களா என்று கேட்டார். பதில் போட்டவர்களில் 90%க்கு மேல் மாட்டோம் என்றார்கள்.

இனி ஒரு எண் உங்கள் கண்ணில் பட்டால், செய்தியை விட்டுவிட்டு அந்த நிறுவனத்தின் தளத்தில் 'டாப்லைன்' என்ற பெயரில் இருக்கும் பிடிஎஃபைத் திறங்கள். கேள்வியின் முழு வாசகம், அதற்கு முன் என்ன கேள்வி வந்தது, விடைகளை எந்த வரிசையில் கொடுத்தார்கள், 'தெரியாது' என்ற விடை இருந்ததா என்பவை அதில் இருக்கும். போலீஸ் கொடுமை பற்றி நாலு கேள்வி கேட்டுவிட்டு ஐந்தாவதாக இன உறவு பற்றிக் கேட்டால் வேறு எண் வரும். அடுத்து எத்தனை பேர், உங்களுக்கு வேண்டிய பிரிவில் எத்தனை பேர். 100க்குக் கீழே என்றால் அந்தப் பிரிவின் எண்ணை விட்டுவிடுங்கள். பிறகு, குலுக்கல் முறையா, விரும்பி வந்தவர்களா. பழைய ஆண்டோடு ஒப்பிட்டிருந்தால் அன்றும் இதே வாசகமா, இதே முறையா; பொதுச் சமூக ஆய்வே நேர்முகமாக நடந்துவந்து 2021ல் கொரோனாவால் இணையத்துக்கு மாறியது, அந்த இடத்தில் வரிசை உடைகிறது. அதன் மூலத் தரவை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இனக்கலப்புத் திருமணத்தைச் சட்டம் தடுக்கலாமா என்ற கேள்வி 1972 முதல் 2002 வரை அதில் 'ரேக்மார்' என்ற பெயரில் இருக்கிறது. பிறந்த ஆண்டு வாரியாகப் பிரித்து நீங்களே ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். மேலே தலைமுறை மாற்றம், மனமாற்றம் என்று பிரித்துச் சொன்னது அதில் கோடு கோடாகத் தெரியும்.